நான் காது விற்ற காலம்

எண்பத்தாறாம் ஆண்டு ரொறொன்ரோவில் முதியவர்களுக்குக் காது விற்பதில் என்னை வெல்ல ஆள் இருக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் கொம்பனிச் சுவரில் மாதாமாதம் ஒட்டிய தாளில் முதலாவதாக இருந்தது என் பெயர்.

விற்றது காதுக்கான காப்புறுதி. இந்த நாட்டின் சுகாதார அட்டை டொக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் கட்டும். கட்டுப்பல், மூக்குக்கண்ணாடி, காதில் மாட்டும் கருவி என்று போய் நின்றால் கையை விரித்துவிடும். அந்த இடத்தில்தான் எங்களுக்குப் பிழைப்பு. அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்குப் பல், கண், காது என்று மூன்றாகப் பிரித்து விற்றோம். வேண்டியதை மட்டும் வாங்கலாம்.

பல் தானாகவே விற்றுப்போகும். போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் வீட்டுக்காரரே பல்லைக் கழற்றி மேசையில் வைத்து, இது எங்கெங்கே குத்துகிறது என்று விளக்கத் தொடங்கிவிடுவார். கண்ணும் பரவாயில்லை. காது மட்டும் அசையாத சரக்கு. பல் விழுந்துவிட்டது என்று சொல்லக் கூச்சப்படாத மனிதர்கள், காது மந்தம் என்று செத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்தக் காலத்தில் எல்லாரும் வாய்க்குள் முணுமுணுக்கிறார்கள் என்பார்கள். இதில் தமிழன், வெள்ளைக்காரன் என்ற வேறுபாடு கிடையாது.

என்னிடம் மட்டும் வாங்கினார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் பத்தாவது நிமிடம் முகம் வாடி, மனைவியைப் பார்த்து, "எனக்குக் காது போய்விட்டது போலிருக்கிறது" என்பார். மனைவியும் சோகமாக, "எனக்கும்தான்" என்பார். நான் பேனாவைத் திறந்து கொடுப்பேன்.

மனேஜர் நகருக்கு வெளியே அஜக்ஸிலிருந்து காரில் வருகிற வெள்ளைக்காரர். ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தி, "உம்முடைய இரகசியத்தை இவர்களுக்குச் சொல்லும்" என்றார். நான் பொறுமையைப் பற்றியும், மூத்தவர்களிடம் காட்ட வேண்டிய மரியாதையைப் பற்றியும் பத்து நிமிடம் பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள், கை தட்டினார்கள். ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவ்வளவு தெளிவாகப் பேசியிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்படி எண்ண எனக்குக் காரணம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். என் வகுப்பில் இலக்கணப் பிழை விட்டவன் வாங்குக்கு மேல் ஏறி நிற்க வேண்டும். நானே ஆங்கிலம் படித்தது கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில், ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரிடம். அவர் பிரெஞ்சுக்காரர் என்பதை அந்த வயதில் நாங்கள் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. வெள்ளைக்காரர் பேசினால் அது ஆங்கிலம். அவர் வாயிலிருந்து வந்ததை யாழ்ப்பாணத்து நாக்கில் ஏற்றி, பதினாறு வருடம் பத்திரமாகப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளித்தேன். எண்பத்து நாலில் கனடா வந்து ஒரு வருடம் கோப்பை கழுவிய பிறகு, நல்ல ஆங்கிலம் தெரிந்தவர்கள் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டபோது அது எனக்கென்றே போட்டது போலிருந்தது.

வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்தேன். இந்த நாட்டு முதியவர்களில் முக்கால்வாசிப் பேர் செவிடு. ஒரு வசனத்தை மூன்று தரம் சொன்னால்தான் பிடிபடுகிறது. "பார்டன்?" என்று கேட்டபடி முன்னுக்குச் சாய்கிறார்கள், தலையைத் திருப்பிக் காதைக் கொடுக்கிறார்கள். நாற்பது, ஐம்பது வருடக் குளிர் காற்று காதுக்குள் புகுந்தால் வேறென்ன நடக்கும் என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து என் மனைவிக்கு இந்தக் காரணத்தை விளக்கும்போது அவள் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருப்பாள். அவள் காலணி செய்யும் பக்டரியில் வேலை. அவளுடைய ஆங்கிலம் போர்த்துக்கல்காரிகளிடமும் ஜமேக்காக்காரிகளிடமும் பொறுக்கி எடுத்தது. வினைச்சொல் ஒன்றுகூடக் காலத்தோடு நிற்காது. திருத்தித் திருத்திக் களைத்துவிட்டேன்.

அந்த வருடம் ஒக்டோபரில், ஸ்காபரோவில் முதியவர்கள் மட்டும் குடியிருக்கும் ஒரு கட்டடத்தில், நாலாம் மாடியில் ஒரு வெள்ளைக்கார அம்மையாரைச் சந்தித்தேன். எழுபத்தெட்டு வயது, தனியாள், ஊசி போல நிமிர்ந்த உடம்பு. அவருடைய சமையலறை மேசையில் ஒரு ரெலிபோனும், அதற்குப் பக்கத்தில் கோடு போட்ட ஒரு தாளும் இருந்தன. தாளில் பதினொரு போன் இலக்கங்கள். அந்தக் கட்டடத்தில் தனியாக இருக்கிற பதினொரு பேருக்கும் தினமும் காலை ஏழரைக்கு வரிசையாகப் போன் எடுப்பாராம். சில வருடங்களுக்கு முன் கீழ்மாடியில் ஒருத்தி குளியலறையில் விழுந்து இரண்டு நாள் கிடந்து இறந்தபின் தொடங்கிய பழக்கம். போனை எடுக்காவிட்டால் கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பிரின்டெண்டிடம் திறப்பு வாங்கிக்கொண்டு தானே போய்ப் பார்ப்பார். எடுத்தாலும் குரலைக் கவனமாகக் கேட்பார்.

"மருந்து குடிக்க மறந்தால் குரலிலேயே தெரியும்" என்றார். "இந்த வருடம் மட்டும் இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன்."

நான் திட்டத்தை விளக்கத் தொடங்கினேன். அவர் முன்னுக்குச் சாய்ந்தார். "பார்டன்?" என்றார். இன்னொரு தரம் விளக்கினேன். தூரப்பார்வைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் வாயையே பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு பயம் வந்தது. நான் மரியாதையோடு கொம்பனியின் துண்டுப்பிரசுரத்தை அவர் பக்கம் தள்ளினேன். மற்றவர்கள் முணுமுணுப்பது போலத் தோன்றுகிறதா? திருப்பிச் சொல்லும்படி அடிக்கடி கேட்கிறீர்களா? இரண்டுக்கும் பென்சிலால் புள்ளடி போட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தார். அத்தோடு நிற்காமல், தன் தாளில் இருந்தவர்களிடமும் என்னை அனுப்பி வைத்தார். பதினொரு பேரில் ஏழு பேர் செவிடு. நல்ல கட்டடம் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காப்புறுதிப் பத்திரத்தைக் கொடுக்கப் போனேன். அந்தத் தாளை ஒரு கடித உறைக்குள் போட்டு ஒட்டி வைத்திருந்தார்.

"திங்கட்கிழமையிலிருந்து நான் போன் எடுக்கப் போவதில்லை" என்றார். "நீங்கள் பேசியபோது எனக்குப் பாதிகூடக் கேட்கவில்லை. என் கணவருக்கும் இப்படித்தான் காது போனது. கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. நான் அப்படி இருக்க மாட்டேன். அவர்கள் ஏதாவது சொல்லி, அது எனக்குக் கேட்காமல் போய், ஓர் உயிர் போனால்?"

அவருக்குப் பதிலாக யார் என்று கேட்டேன். நாலு தரம் கேட்க வேண்டியிருந்தது. சூப்பிரின்டெண்டிடம் உறையைக் கொடுக்கப் போகிறாராம். லிஃப்ற் பழுதாகி ஒரு மாதமாகியும் திரும்பிப் பார்க்காத சூப்பிரின்டெண்ட் அவர். காதுப் பகுதிக்கு எங்கள் திட்டத்தில் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், அதுவரை கருவிக்கு வழியில்லை என்பது பத்திரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அதை அவர் கண்ணாடி இல்லாமலே வாசித்து முடித்திருந்தார்.

சனிக்கிழமை மனைவியிடம் இதைச் சொல்லி மனம் வருந்தினேன். எவ்வளவு நல்ல மனுசி, இந்தக் குளிர் அவளுடைய காதையும் தின்றுவிட்டதே என்றேன். மனைவி காய் வெட்டிய கத்தியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசியின்ரை காதுக்கு ஒண்டுமில்லை. உங்கடை இங்கிலீசுதான் விளங்கேல்லை."

"என்ன கதைக்கிறீர்? நான் பதினாறு வருசம் படிப்பிச்சனான்."

"ஓம், படிப்பிச்சனீங்கள். பாங்கிலை இருக்கிற பெட்டைக்கு இருபது வயசும் வராது. ஒவ்வொரு முறையும் உங்களிட்டைத் திருப்பித் திருப்பிக் கேக்கிறாள். அவளும் செவிடோ? பஸ் றைவர் செவிடோ? போன பெரிய வெள்ளிக்கு முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் ஒரே பாவத்தை மூண்டு தரம் சொன்னீங்கள். பின்னாலை லைனிலை நிண்ட எனக்கே கேட்டுது. சாமியும் செவிடோ?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வினைச்சொல்லைக் காலத்தோடு நிறுத்தத் தெரியாதவள் எனக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று கத்தினேன். அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் கோபிக்காமல் சாப்பிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வழக்கமான டோனட் கடைக்குப் போனோம். பால் இல்லாமல், சீனி இல்லாமல் ஒரு கோப்பி கேட்டேன். கேட்டு வாங்கி முதல் மிடறு குடித்த பிறகுதான் உறைத்தது. இரண்டு வருடமாக இந்தக் கடையில் நான் பாலும் சீனியும் போட்ட கோப்பியைத்தான் குடித்து வருகிறேன். கனடாக் கோப்பி இப்படித்தான் இருக்கும் என்று பழகிக்கொண்டேன். திரும்பிப் போய் அந்தப் பிள்ளையிடம் மறுபடியும், ஒவ்வொரு சொல்லாக, வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். "பார்டன்?" என்றாள். பதினாறு வயதுதான் இருக்கும். காதில் இரண்டு பெரிய வளையங்கள். மனைவி எட்டி நின்று ஏதோ ஒன்றரைச் சொல் சொன்னாள். கறுப்புக் கோப்பி வந்தது.

மனைவி என் பால் கோப்பியைத் தான் எடுத்துக் குடித்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

எனக்கு அந்த வேலை போனாலும் இன்னொன்று கிடைக்கும். கோப்பை எங்கும் இருக்கிறது. ஆனால் ஊரில் வீடு, காணி, சேர்த்த புத்தகங்கள் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவனிடம் மிச்சமிருந்தது இந்த ஆங்கிலம் ஒன்றுதான். அது இங்கே செல்லாது என்று நானே ஒரு வெள்ளைக்காரியிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாளைக் காலை ஏழரைக்குப் பதினொரு வீட்டிலும் போன் அடிக்காது. பஸ் தரிப்பில் நின்று இரண்டு பஸ்களைப் போகவிட்டேன். மூன்றாவதில் ஏறினேன்.

அம்மையார் கதவைத் திறந்தார். நின்றபடியே சொன்னேன்: உங்கள் காது நன்றாக இருக்கிறது, பிழை என் உச்சரிப்பில்தான். "பார்டன்?" என்றார். இன்னும் உரத்துச் சொன்னேன். கவலையோடு தலையாட்டி, "பார்த்தீர்களா, இன்னும் மோசமாகிவிட்டது" என்றார்.

கடைசியில் மேசையில் உட்கார்ந்து, துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில், கரும்பலகையில் எழுதிப் பழகிய என் வடிவான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாய்விட்டு வாசித்தார். உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை. குறை என் ஆங்கிலத்தில். அவர் வாயில் அந்த வசனம் வேறொரு மொழியாக இருந்தது. நான் சொன்னதாக எண்ணியிருந்த ஒரு சொல்கூட அதில் இல்லை. என் முகம் சுட்டது.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.  எழுந்துபோய் உறையைக் கிழித்துத் தாளை எடுத்தார். அதில் ஓர் இலக்கத்துக்கு அப்போதே போன் எடுத்தார். இரண்டாம் மாடியில் இருக்கும், குரலே எழாத ஒரு கிழவருக்கு. அவர் சொல்லச் சொல்ல இவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். முழங்கால் வலி, மகள் வராதது, சூப்பில் உப்பு. போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.  பிறகு நான் எழுதிய துண்டுப்பிரசுரத்தைக் கேட்டார், தானே வைத்துக்கொள்ளலாமா என்று. அதில் என்ன இருக்கிறது என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் அந்தக் கட்டடத்திலிருந்து எட்டுப் பேர் கொம்பனிக்குப் போன் எடுத்துக் காதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மையாரும் அந்த ஏழு பேரும். முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதும் அந்தச் சின்ன எழுத்தில் இருந்ததுதான். மனேஜர் என்னைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வழக்கம்போலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அன்றுதான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன்.

சாயந்தரம் அம்மையாருக்குப் போன் எடுத்தேன். கோபம் இல்லையென்று சொன்னால் பொய். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கத்தான் எடுத்தேன். அவருக்கு அது விளங்கவில்லை. ஆனால் நான்தான் என்று உடனே கண்டுபிடித்துவிட்டார். ஏழரைக்குத் தொடங்கி எல்லாருக்கும் எடுத்தாராம். எல்லாரும் சுகமாம். ஒவ்வொருவருக்கும் நான் எழுதிக் கொடுத்ததை வாசித்துக் காட்டினாராம். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் உருவாக்கிய ஆங்கில வசனங்களில், ஒரு சொல்லும் சிந்தாமல் பதினொரு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.