மைதானத்துக் கூடாரத்தில் என் நாக்கு

கதைப் படம் பார்க்க எனக்குப் பயமே இல்லை. யார் வருவார், யார் சாவார் என்பதெல்லாம் எவனோ எழுதி வைத்தது. உள்ளதை உள்ளபடி பிடித்துக் காட்டும் படங்களுக்குத்தான் பயம். அதனாலேயே ஒன்று விடாமல் போகிறேன். எந்த ஊர்க் கூட்டத்தைக் காட்டினாலும் நானும் அதில் நிற்கிறேனா என்றுதான் முதலில் தேடுவேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கப்பலுக்கு வழிவிட ஹவுரா மிதவைப் பாலத்தைத் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் படித்துறைக்கு ஓடினேன். அங்கே ஒருவர் மூன்று கால் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். காப்பிக்கொட்டை அரைக்கிறாராக்கும் என்று எதிரே போய்க் குதித்து, நாக்கை முழுசாக நீட்டிக் காட்டினேன்.

பத்து நாள் கழித்துப் நான் தீதி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அக்கா மூன்று டிக்கெட் கொண்டுவந்து கொடுத்தாள். மைதானத்துக் கூடாரத்தில் பயாஸ்கோப்! ஹவுராப் பாலமே வருகிறதாம், படித்துறை ஜனங்கள் அப்படியே அசைகிறார்களாம். அந்தப் பெட்டி காப்பிக்கொட்டை அரைக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இன்னொரு தரம் மட்டம் போட்டால் கும்பகோணத்து மாமாவிடம் அனுப்பிவிடுவதாக அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். உடனே எனக்கு வயிற்றுவலி வந்தது. ஆச்சரியம், அதே நிமிஷம் அப்பாவுக்கும் தலைவலி வந்தது.

"அதென்ன அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சேர்ந்தாப்பல வியாதி? சுக்குக் கஷாயம் தரேன், குடிச்சுட்டுக் கிளம்புங்கோ" என்றாள் அம்மா.

குடித்தோம், கிளம்பினோம். கூடாரத்தில் அம்மா பெண்கள் பக்கம் போய்விட்டாள். விளக்கு அணைந்தது. பாலம் வந்தது, மாட்டு வண்டிகள் வந்தன, படித்துறை வந்தது. பிறகு நான் வந்தேன். பாய் அளவு நாக்கு! கும்பகோணம் ரயில் என் காதுக்குள்ளேயே ஊதியது. பெஞ்சுக்கு அடியில் நுழையப் போனவன் அப்படியே நின்றேன். நாக்குக்குப் பின்னால், படியில் ஒருவர் மடியில் தூக்கைத் திறந்துவைத்துத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதே தலைப்பாகை, அதே குடை. அன்றைக்கு ஒன்பது மணிக்கே ஆபீசுக்குக் கிளம்பிப் போன என் அப்பா!

சட்டென்று திரை இருண்டது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து நின்றுவிட்டார். தலைப்பாகையின் நிழல் பாலத்தையும் எங்களையும் சேர்த்து விழுங்கியது.

"போஷுன் மோஷாய், போஷுன்!" என்று உட்காரச் சொல்லிக் கூட்டம் கத்தியது. அப்பா அசையவில்லை.

"நடுவுல ஏன் எழுந்து நின்னேள்?" என்று வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்.

"குடை விழுந்துடுத்து."

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அப்பாவும் மட்டம் போடுகிறார்! என்னைக் காப்பாற்றத்தான் எழுந்து நின்றார்! வீடு வரைக்கும் அவர் கையை விடவில்லை. கம்பெனி அவரை வேலையை விட்டுப் போகச் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை அம்மா வழக்கம்போல் தூக்கை நீட்டி, "நாழியாறது, ஆபீசுக்குக் கிளம்புங்கோ" என்றாள். தினமும் சாயங்காலம் ஆபீஸ் விஷயங்களைத் துருவித் துருவிக் கேட்கிறவள், அன்றிலிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நிழல் நன்றாக மறைத்துவிட்டது, அம்மா எங்கள் இருவரையுமே பார்க்கவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.