ஆடி முடியும்வரை நின்ற கார்

அப்பா பலூன் ஊதியதற்காகத்தான் பொலிஸார் எங்கள் காரைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அன்று காலையில் பெரியப்பா எங்கள் வீட்டு விறாந்தையில் நின்று, "பலூன ஊதச் சொல்லியிருக்கானுங்க, இவனும் ஊதித் தொலைச்சிட்டான்" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. என் பிறந்தநாளுக்கு ஒரு பலூன் ஊதித் தரச் சொன்னால் மூச்சு வாங்குகிறது என்று தட்டிக்கழிக்கிற மனிதர், நடுரோட்டில் நின்று பொலிஸ்காரர்களுக்கு ஊதிக் கொடுத்திருக்கிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் அவரோடு அன்று முழுக்கப் பேசவில்லை, பலூன் விஷயமாகத்தான்.

நடந்தது இதுதான். அப்பா தம்புள்ளையில் மரக்கறி மொத்தச் சந்தைக்குள் ஒரு கொமிசன் கடையில் கணக்கெழுதினார். பலாபத்வலையில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து தினமும் காரில் போய்க் காரில் வருவார். பெரியப்பா வந்து நின்றதற்கு முதல்நாள், வரும் வழியில் பொலிஸார் மறித்து, குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் பலூனை ஊதச் சொல்லியிருக்கிறார்கள். குடித்திருந்தது தெரிந்துவிட்டது. பெரியப்பா போய்ப் பிணையில் ஆளை எடுத்துக்கொண்டு வந்தார். பிறகு வழக்கு நடந்தது. நீதவான் தண்டம் போட்டார், லைசன்ஸைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தார், காரை விடலாம் என்றும் சொல்லிவிட்டார். ஆனால் அதற்குச் சொந்தக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர் அப்பா இல்லை, அம்மா. இரத்தோட்டையில் டீச்சராக இருந்த அம்மாவின் சம்பளத்தைக் காட்டிக் கடன் எடுத்து வாங்கிய கார் அது. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கையெழுத்து மட்டும் அழகாகப் போடுவாள்.

அந்த ஒரு கையெழுத்தைத்தான் அம்மா போடாமல் இருந்தாள்.

நேரடியாக மாட்டேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பெரியப்பா ஒரு கை பார்த்திருப்பார். அம்மா சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டினாள். "இன்னைக்கு அட்டமிங்க" என்றாள். அடுத்த நாள் நவமி. அதற்கடுத்து வந்த செவ்வாய்க்கிழமையில் பொலிஸ் படி ஏறக் கூடாது என்றாள், அது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறதோ தெரியாது. ஒரு நாள் கரிநாள். ஒரு நாள் பௌர்ணமி, போயா விடுமுறை, ஸ்டேஷன் திறந்திருந்தாலும் அம்மாவுக்கு அது லீவு. இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்பு அம்மா ஒரு நாளும் அந்த நாட்காட்டியை அண்ணாந்து பார்த்தவள் இல்லை. தாள் கிழிப்பதும் அப்பாதான், நேரம் பார்ப்பதும் அப்பாதான். ராகு காலத்தில் காரைக் கேற்றுக்கு வெளியே கூட எடுக்க மாட்டார். எங்களை ஏற்றிவைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா பின்சீட்டிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பாள். குடிப்பதற்கு மட்டும் அப்பா நல்ல நேரம் கெட்ட நேரம் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே அம்மா நாட்காட்டியைக் காட்டியபோது அப்பாவும் தலையாட்டத்தான் வேண்டியிருந்தது. தன் ஆயுதத்தாலேயே தன்னை அடித்தால் மனுசன் என்ன செய்வார், பாவம்!

இப்படியே இழுத்து இழுத்து ஆனி முடிந்தது. ஆடி பிறந்ததும் அம்மாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "ஆடி மாசத்துல வாகனம் எடுக்கிறதா? யாராச்சும் எடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டாள். பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, புதுக்காரா வாங்கப் போறோம்? பொலிஸ்ல கெடக்கிற நம்ம காரத்தானே எடுக்கப் போறோம்?" என்றார். "பொலிஸ்ல இருந்து வாறதும் புதுசு மாதிரித்தான் அத்தான். தோஷம் கழிஞ்சு வரட்டும்" என்றாள் அம்மா. ஒரு மாதம் முழுசாகக் கிடைத்தது.

உறவுக்காரர்கள் எல்லாம் அம்மாவைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினார்கள். படிச்ச டீச்சர், பொலிஸ்காரனைக் கண்டு பயப்படுகிறாள் என்றார்கள். புருசனுக்குப் பாடம் படிப்பிக்கிறாளாம் என்றார்கள். அப்பாவின் தங்கை, என் மாமி, ஒரு படி மேலே போய், "எங்கண்ணன் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போறதப் பாத்து ரசிக்கிறா" என்று என்னிடமே சொன்னாள். லைசன்ஸ் இல்லாவிட்டாலும் கார் வந்துவிட்டால் அண்ணன் ஓட்டிக்கொள்வார் என்பது அவள் கணக்கு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏனென்றால் அந்த நாட்களில் அம்மா சந்தோஷமாக இருந்தாள். அதை மறைக்கக்கூட அவளுக்குத் தெரியவில்லை.

அப்பா பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தார். பொழுது சாயும் நேரத்தில் ஒரு பையில் லீக்ஸும் கரட்டும் தொங்க, சட்டை கசங்கி, கேற்றைத் திறந்துகொண்டு வருவார். வாயில் ஏலக்காய் வாசம் இருக்காது. எந்த வாசத்தை மூடுவதற்கு அந்த ஏலக்காய் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அது இல்லாத வாய்தான் எனக்குப் பிடித்திருந்தது. கடைக் கூட்டாளிகள் குடிப்பதற்குக் கூடிய இடமே எங்கள் கார்தான் என்பதைப் பின்னால்தான் கேள்விப்பட்டேன். வேலை முடிந்ததும் ஒரு குளக்கட்டில் காரை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் அதுவே அவர்களுக்குக் கூரை, அதுவே மேசை. கார் இல்லாமல் போனதும் கூட்டம் தானாகக் கலைந்துவிட்டது. அப்படியே என்றைக்காவது ஒரு நாள் அப்பா குடித்தாலும், பஸ்ஸை ஓட்டுகிறவர் வேறொருவர். அப்பா பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிடுவார்.

அப்பா வந்ததும் நாங்கள் கரம் போர்ட் விளையாடுவோம். அவர் வேண்டுமென்றே தோற்பார். தோற்றுவிட்டு, "இந்தா, ஒன் மகள் கள்ள ஆட்டம் ஆடுறா" என்று அம்மாவைக் கூப்பிடுவார். அம்மா கொப்பியெல்லாம் திருத்துவதை விட்டுவிட்டு வந்து, எங்களுக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த ஆடி மாதத்தில்தான். எனக்கோ அப்போது கார் வேண்டும்.

நானும் அம்மாவும் காலையில் ஒரே பஸ்ஸில்தான் டவுனுக்குப் போவோம். அங்கே என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவள் இரத்தோட்டை பஸ் பிடிப்பாள். போகிற வழியில்தான் அந்தப் பொலிஸ் ஸ்டேஷன். வளவுக்குள், மரத்தடியில், நொறுங்கிய ஓட்டோக்களுக்கும் துருப்பிடித்த மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவில் எங்கள் கார் நிற்கும். கூரை முழுக்க இலையும் காக்கை எச்சமும். ஒரு டயர் காற்றுப்போய்ச் சாய்ந்திருக்கும். பஸ்ஸில் என்னோடு வரும் பொடியன்கள் "ஒங்க கார் ஜெயில்ல!" என்று கத்துவார்கள். எனக்கு அழுகை முட்டும். அம்மாவும் என்னைத் தாண்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். படுக்கப் போகுமுன் கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒருதரம் தள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரிப் பார்வை. பார்த்துவிட்டுச் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொள்வாள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை வைத்திருந்து உங்களைத் திடுக்கிட வைக்க எனக்கு மனமில்லை. அப்பா மறுவருடம் இறந்துபோனார். அதே கார்தான், அதே தம்புள்ளை ரோடுதான், நாவுலைக்கு இப்பால் ஒரு வளைவில். குடித்திருந்தார். அம்மா இதற்குத்தான் பயந்தாள். பொலிஸுக்குப் பயப்படவில்லை, புருசனுக்குப் பாடம் படிப்பிக்கவும் இல்லை. கார் அந்த மரத்தடியில் நிற்கும்வரை அவர் உயிரோடு இருப்பார் என்று நினைத்தாள். யாரிடமும் இதைச் சொல்ல முடியாமல், சொன்னால் "ஒன் நாக்குல சனியா இருக்கு?" என்று எல்லோரும் பாய்வார்கள் என்று தெரிந்து, அட்டமி நவமிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள்.

ஆடியும் முடிந்தது. ஆவணி பிறந்த கையோடு பெரியப்பா கோயில் ஐயரிடம் போய் நாளும் நேரமும் குறித்துக்கொண்டு வந்துவிட்டார். திதி நல்லது, நட்சத்திரம் நல்லது, ராகு காலத்துக்கு முன்னாலேயே வேலை முடிந்துவிடும். அம்மா நாட்காட்டியை வெகுநேரம் பார்த்தாள். "தலையிடிக்குது" என்று மெல்லச் சொன்னாள். "மாத்திரையப் போட்டுட்டு வாம்மா, நான் நிக்கிறேன்" என்றார் பெரியப்பா. நான் அதற்குள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ரெடியாகிவிட்டேன்.

அப்பா வரவில்லை. ஸ்டேஷன் வாசலை மிதிக்க அவருக்கு வெட்கம். வீட்டில் தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் தயார் பண்ணுகிறேன் என்று நின்றுவிட்டார்.

ஸ்டேஷனில் ஒரு வயதான சார்ஜன்ட் இருந்தார். பெரியப்பா டயருக்குக் காற்றடிக்கவும் பட்டரியைப் பார்க்கவும் வளவுக்குப் போய்விட்டார். மேசைக்கு முன்னால் நானும் அம்மாவும்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை சார்ஜன்ட் விரலால் காட்டினார். அம்மா பேனையைப் பிடித்தாள், வைத்துவிட்டாள். பின்பு, பெரியப்பா வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, சிங்களத்தில், மிகவும் தணிந்த குரலில் கேட்டாள்:

"மாத்தயா, இத இன்னுங் கொஞ்ச நாளைக்கு இங்கயே வச்சிக்க முடியாதா?"

சார்ஜன்ட் சிரித்துவிட்டார். "டீச்சர், இங்க வாற எல்லாரும் வண்டியத் தாங்கன்னு அழுவாங்க. வச்சிக்கங்கன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான்" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், அதில் எனக்குப் பெருமை வேறு. அம்மா சிரிக்கவில்லை. அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தொப்பியை எடுத்து மேசையின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வைத்தார். "உத்தரவு வந்திருச்சி டீச்சர். சொந்தக்காரங்க வந்துட்டா நான் குடுத்துத்தான் ஆகணும். ஒங்க வீட்டு மாத்தயாவுக்குச் சொல்லிப் பாருங்களேன்" என்றார். "சொல்லாமலா இருப்பேன்" என்றாள் அம்மா. கையெழுத்துப் போட்டாள். அன்று அது அழகாக வரவில்லை.

பட்டரி செத்துப்போயிருந்தது. பெரியப்பா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க, இரண்டு கான்ஸ்டபிள்மார் பின்னால் நின்று தள்ளினார்கள். நானும் ஓடிப்போய் என் முழுப் பலத்தையும் போட்டுத் தள்ளினேன். அம்மா தன் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். கார் இருமியது, புகை கக்கியது, ஸ்டார்ட் ஆகிவிட்டது! நான் கைதட்டிக் குதித்தேன். எனக்கு முன்சீட் கிடைத்தது. பஸ்ஸில் கேலி செய்த பொடியன் ஒருத்தனாவது ரோட்டில் நிற்கமாட்டானா என்று வழிநெடுகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பின்சீட்டில் அம்மா இருக்கிறாளா என்றே தெரியவில்லை, அவ்வளவு சத்தமில்லாமல் வந்தாள்.

அப்பா கேற்றடியில் தட்டோடு நின்றார். குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். காருக்குக் கற்பூரம் காட்டினார், தேங்காய் உடைத்தார், சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். பெரியப்பா அவற்றை நசுக்கிக்கொண்டு உள்ளே ஓட்டி நிறுத்தினார். அப்பா தன் சாரத்து நுனியால் முன்கண்ணாடியைத் துடைத்தார். பெரியப்பா அவரைப் பார்த்து, "லைசன்ஸ் வாறவரைக்கும் தொட்டுப் பாத்துக்க, ஓட்டிறாத" என்று சிரித்தார். மாமியும் வந்திருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அது நல்ல நாள்தான், ஐயர் பொய் சொல்லவில்லை.

பெரியப்பா சாவியைக் கழற்றி என் கையில் போட்டார். "சொந்தக்காரிக்கிட்டக் குடு" என்றார்.

அம்மா காருக்கு அந்தப் பக்கத்தில், வாசற்படியில் நின்றாள். நான் திரும்பியபோது ஏற்கனவே கையை நீட்டிக்கொண்டிருந்தாள். "இங்க கொண்டா, தங்கம்" என்றாள். என்னைத் தங்கம் என்று அவள் கூப்பிடுவதே அபூர்வம். அப்பா கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். எத்தனையோ நாள் பஸ்ஸில் கசங்கி வந்த அப்பா.

நான் ஓடிப்போய் அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றும்போது அம்மாவைப் பார்த்தேன். நீட்டிய கையை அவள் இன்னும் மடக்கவில்லை. அவளுக்குத்தான் கார் ஓட்டத் தெரியாதே, சாவி எதற்கு என்று நினைத்தேன்.