டைனமோவில் பதிந்த கவி

அப்பாவுக்குப் பாட வராது என்பது எங்கள் வீட்டில் அப்பாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவர் வாவியில் வலை வீசிக்கொண்டே கவி பாடினால் மீனெல்லாம் அக்கரைக்கு ஓடிவிடும் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

அந்த அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தார். ஷெல் விழுந்து எரிந்த வீட்டின் இடத்தில் கல்வீடு கட்டியே தீருவதென்று அவருக்கு வைராக்கியம். திரும்பி வரவேண்டிய நேரத்தில், இன்னும் இரண்டு வருடம் நின்று உழைக்கப்போவதாகச் சொல்லியனுப்பினார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பொறு மகள், நான் ஒரு கவி பாடி அனுப்புறன். கொம்மா வருவா" என்றார் அப்பா. எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

வாவியின் மேற்கே எங்கள் படுவான்கரையில் யுத்தத்தால் அப்போது கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அதன் டைனமோவிலிருந்து ரேப் ரெக்கோடருக்கு வயர் இழுத்தோம். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

கல்லு வீடு வேணாங்கா
கடல் கடந்த கண்மணியே
ஓலக் குடில் போதுங்கா
ஒண்டாக் கஞ்சி குடிப்பம் வா

கவி நீண்டுகொண்டே போனது. முடிகிற நேரம் என்னால் ஏலாமல் "அப்பா, கை நோகுது" என்றேன். அதுவும் பதிந்துவிட்டது. கவியைக் கெடுத்துவிட்டேனென்று அவருக்குக் கோபம். இன்னொரு தடவை கவி முடியும்வரை நிறுத்தாமல் சுற்ற என் கையில் பலமில்லை. ஆறியாறி நானே சுற்ற, போட்டுக் கேட்டோம், மற்றதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. குவைத்துக்குப் புறப்படவிருந்த ஆரையம்பதிப் பெண் ஒருத்தியிடம் அப்பா கசெட்டைக் கொடுத்துவிட்டார்.

அடுத்த மாதமே அம்மா வந்து நின்றார். பையை இறக்கி வைக்கும்போதே சிரிப்பு.

"அணில் கத்தின மாதிரி இருந்திச்சி உங்கட கவி. அந்த வீட்டுப் புள்ளையள் விழுந்து விழுந்து சிரிச்சதுகள்."

நான் மெதுவாகச் சுற்றியதால் ரேப்பும் மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. அதே வேகத்தில் சுற்றிக் கேட்ட எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. குவைத் கரண்டில் போட்டதும் அப்பாவின் சோகமெல்லாம் கீச்சுக் குரலில் ஓட்டம் பிடித்துவிட்டது. அவர் முகம் தொங்கிப்போனது.

"அப்ப என்னத்தக் கேட்டுகா வந்தாய்?"

அம்மா என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். "கவியில ஒரு வரி விளங்கல்ல. கடைசியில புள்ள கை நோகுது எண்டது விளங்கிச்சி. அதுக்குப் பிறகு அங்க நிக்க மனம் வரல்ல."

கல்வீடு எழும்பப் பல வருடம் சென்றது. அதுவரை ஓலைக் குடிலில், அம்மாவின் கையால் சாப்பிட்டு வளர்ந்தேன். அதற்காக இருவருக்கும் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

வந்த அன்று பின்னேரமே அம்மா அப்பாவை மறுபடி பாடச் சொன்னார். அவர் வழக்கம்போல மோசமாகத்தான் பாடினார். அம்மா என் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.