ஒரு மூச்சுக்கு நாலு சொல்

எதையும் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். பெரம்பலூரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் அது இன்னும் முற்றிவிட்டது.

மகள் மருத்துவம் முடித்து உடலியங்கியலில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். காற்றுக் குறைந்த மலை உயரத்தில் சமவெளி மனிதர்களின் உடம்பு என்ன ஆகிறது என்பது அவள் ஆய்வு. அவளுடைய பேராசிரியை தலைமையில் லடாக் போன குழுவில் அவளும் ஒருத்தி. அரியலூரில் ரயிலேற்றிவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. அவள் விட்டுப்போன புத்தகத்தைப் படித்ததில் பயம் கூடிப்போனது. பசி போவது முதல் எச்சரிக்கை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். உடனே கீழே இறக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து.

முகாமிலிருந்து போன் வந்தது. மனைவிதான் எடுத்தாள்.

"சாப்டியாடி?"

"சாப்டேம்மா."

அவளுக்கு அது போதும். ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"என்னப்பா, வூட்டு ஓடெல்லாம்... எண்ணி முடிச்சாச்சா?" மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

ஆரம்பித்தால் நிறுத்தாமல் பேசுகிறவள். அன்று நாலு சொல்லுக்கு ஒருதரம் மூச்சிழுத்தாள்.

"எங்கயாச்சும் நடந்துட்டு வந்தியா பாப்பா?"

"இல்லப்பா. உக்காந்துதான்... இருக்கேன்."

"நெசமாவே சாப்டியா?"

"அம்மா கேட்டா... வேற என்னத்தச் சொல்றதாம்?"

எங்கள் பக்கம் வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான். பட்டினி கிடந்தாலும் அந்தக் கேள்விக்கு அந்த ஒரு பதில்தான்.

"உங்க மேடம் கேக்குறப்ப?"



"அவங்ககிட்டயும் அதேதான். நெசத்தச் சொன்னா... கீழ அனுப்பிடுவாங்கப்பா. என் ஆராய்ச்சி... பாதியில போயிடும்."

மனைவியைக் கூப்பிட்டேன். "அவ சாப்பிடல. நீ திரும்பக் கேளு."

மாவுக் கையோடு வந்து வாங்கினாள். இம்முறை அதட்டினாள்: "சாப்டியாடி?"

"இல்லம்மா. நேத்துலேருந்து... ஒண்ணும் எறங்கல."

ரிசீவரை நான் வாங்கினேன். "போனை உங்க மேடத்துக்கிட்ட குடு."

அந்த அம்மாள் நான் சொன்னதைக் கேட்டார். "இப்பவே கீழ எறக்கிடறோம் சார்" என்றார். பிறகு இரண்டு நாள் எந்தத் தகவலும் இல்லை. பயத்தில் மனைவி என்னோடு பேசவில்லை, நான் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் டில்லியிலிருந்து மகள் பேசினாள். "உங்களாலதான் எல்லாம் போச்சு, இனிமே யாரு என்னை மேல கூட்டிட்டுப் போவா, இனி எதுக்காச்சும் உங்ககிட்ட வாயைத் தொறந்தேனா பாருங்க!"

அவள் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் எங்குமே மூச்சு வாங்கவில்லை.