நான்கு இலக்கத்துள் அடங்காத அத்தை

தொண்ணூறுகளில், எட்டாம் வகுப்பில் நான் எழுதிய நிரல் ஒரே ஒரு வேலையைச் செய்தது. பிறந்த நாளைத் தட்டினால், அன்றுவரை வாழ்ந்த நாட்களின் எண்ணிக்கையைத் திரையில் அறிவிக்கும். நாகல் நகரில் எங்கள் பள்ளிக் கண்காட்சியில் அந்த ஒற்றைக் கணிப்பொறியின்முன் திரண்ட கூட்டத்தைக் கண்டு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எண்ணைக் காட்ட நான்கு இலக்க இடம் ஒதுக்கியிருந்தேன். தோழியர் அனைவரும் அதனுள் அடங்கினர். தலைமையாசிரியை தட்டியபோதுதான் எண்ணுக்கு முன்னே ஒரு விழுக்காட்டுக் குறி (%) முளைத்தது. பத்தாயிரம் நாட்களுக்கு ஐந்து இலக்கம் வேண்டும். இடம் போதாவிடில் கணிப்பொறி இவ்வாறு முறையிடும். ஓர் இடத்தைக் கூட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். நானோ பிழையையே வித்தையாக்கிக் கூவத் தொடங்கினேன்: "குறி விழுந்தா இருபத்தேழு வயசு தாண்டியாச்சு! வாங்க, வாங்க!"

மாலையில் அப்பாவுடன் அவர் தங்கையான என் அத்தை வந்தார். அத்தைக்குப் பேசியிருந்த கன்னிவாடி மாப்பிள்ளையின் தாயார், தற்செயலாகக் கண்காட்சிக்கு வந்தவர்போல் வந்து அத்தையைப் பார்த்துப்போவதாக ஏற்பாடு. பெண்ணுக்கு இருபத்தைந்து வயது என்று அப்பா அவர்களிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது.

கூட்டத்தில் நின்று என் கூவலைக் கேட்ட அத்தை முன்னே வந்தார். அப்பா பதறினார்.

"வேணாம்த்தா, நேரமாச்சு."

"செத்த நேரம் இருங்கண்ணே. மருமக இம்புட்டு ஆசையாக் கூப்பிடுறா."

நாள், மாதம், ஆண்டு மூன்றையும் விரல் தடுமாறாமல் தட்டினார். குறி முளைத்தது, அதையடுத்து 10592.

"அத்தைக்கும் விழுந்துருச்சு!" என்று துள்ளினேன்.

அதற்குள் வந்து பக்கத்தில் நின்றிருந்த மாப்பிள்ளையின் தாயார் திரையையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார். "ஏனப்பு, உங்க வீட்டுல வருசத்துக்கு எம்புட்டு நாளு?"

"சின்னப்பிள்ள செஞ்சதுங்க, தப்பாக் காட்டுது."

எனக்கு மானம் போயிற்று. "தப்பில்லப்பா! கையால கூட்டிக் காட்டட்டா?" என்று தாளை எடுத்தேன், காட்டியும் விட்டேன். அந்த அம்மையார் 'வாரேன்' என்ற ஒரு சொல்லும் சொல்லாமல் படியிறங்கினார்.

எனக்கு முதற்பரிசு கிடைத்தது. திரும்பும்போது அப்பா ஆட்டோக்காரரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அத்தையோ என் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வழிநெடுகத் தமக்குள் சிரித்தார். என் வெற்றிக்கே மகிழ்கிறார் என்று பூரித்தேன். நான் கூவியதைக் கேட்ட பின்னும் மெய்யான ஆண்டையே ஏன் தட்டினார் என்று வியக்கும் வயது எனக்கு அன்று ஆகியிருக்கவில்லை.