சண்டைப் படகில் முதற் கால்

பட்டணத்து ஆஸ்பத்திரியில் தலைமைத் தாதியாக இருந்த மேற்றன் றெஜினா, செங்கலடியில் தமது தங்கை வீட்டில் காலமானார் என்ற செய்தி போன கிழமை மீன்காரர் ஒருவர் மூலம் வந்தது. அடக்கத்துக்குப் போக முடியவில்லை. பீரங்கி வண்டிகள் போவதற்காக வீதியைப் பூட்டியிருந்தார்கள். இந்த அரசாங்கத்தின் இரும்பு போன பிறகுதான் மனிதர் போகலாம்.

ஆஸ்பத்திரியில் ஒட்டிய அஞ்சலியில் அவரைச் ‘சாந்த சொரூபி’ என்று எழுதியிருக்கிறார்களாம். அவரோடு பழகியவர்களுக்குச் சிரிப்பு வரும். மூடர்களிடம் சாந்தமாக இருப்பது சோம்பல் என்பார் அவர்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் துறைக்கென்றிருந்த ஒரே இயந்திரப் படகு பழுதாகிக் கரையில் கிடந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்கள் துடுப்புத் தோணியில் வாவியைக் கடந்தார்கள். சிலர் போய்ச் சேரவில்லை. புது இயந்திரம் வாங்கக் காசில்லை என்றார்கள். பிறகு அதே துறைக்குத் துவக்குப் பூட்டிய இராணுவச் சண்டைப் படகு ஒன்று வந்தது. அதற்குக் காசிருந்தது; பந்தலுக்கும் மாலைக்கும்கூட இருந்தது.

அதை வாவியில் இறக்கும் விழாவை நடத்திய அதிகாரி நம்மவர்தான். முதலில் என்னிடம் வந்தார்.

“டீச்சர், குறை நினைக்காதீங்க. நல்ல காரியம். நீங்க கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்க.”

விதவையான என் நிழல் பட்டால் துவக்கு வெடிக்காது என்று பயந்தாரோ என்னவோ. அடுத்து, கிராமத்துக் கிளினிக்குக்காக வந்திருந்த மேற்றனைப் பிடித்தார்.

“மேற்றன், புதுப் படகில முதற் கால் வைக்கத் தாலியோட ஒரு கட்டுக்கழுத்தி வேணும். உங்கட கிளினிக்கில ஆரும் இரிக்கா?”

“புள்ளத்தாச்சி எண்டா?”

“இன்னும் விசேஷம்!”

விடியலிலிருந்து பிரசவ நோவோடு கிளினிக்கில் இருந்த பாக்கியத்தை மேற்றன் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். நிறைகுடத்தைத் தாண்டி, அவள் வலது காலை வைத்துப் படகில் ஏறினாள். கை தட்டினார்கள். மேற்றனும் தமது பையோடு ஏறி அவளருகில் உட்கார்ந்தார்.

“இனிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்க.”

“என்ன விளையாட்டு இது? இது சண்டைப் படகு!”

“துவக்குக்கு இடமிரிக்கி, புள்ளத்தாச்சிக்கு இல்லையோ? முதற் கால் வச்சவளை நீங்களே கையைப் பிடிச்சு இறக்குங்க. சனம் பாக்கட்டும்.”

இறக்க அவருக்குத் துணிவு வரவில்லை. அதைவிடக் கெட்ட சகுனம் உண்டா? கொழும்பிலிருந்து வந்த பிரதம விருந்தினருக்குத் தமிழ் தெரியாது. இதுவும் சடங்கு என்றெண்ணி, படம்பிடிப்பவரைப் பார்த்துச் சிரித்தபடி கையசைத்தார். அதையே உத்தரவாகக் கொண்டு படகு புறப்பட்டது. அன்று மத்தியானம் பட்டணத்துப் புளியந்தீவு ஆஸ்பத்திரியில் பாக்கியத்துக்குப் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது.

மறுகிழமை, மேலிடத்துக்கு நன்றி தெரிவிக்கும்படி கேட்டு அதே அதிகாரி வந்தார். நானும் அருகில் இருந்தேன்.

“நன்றியா?” என்றார் மேற்றன். “எங்கட வரிக்காசில நீங்க வாங்கியிருக்க வேண்டினது இயந்திரம். துவக்க வாங்கிப்போட்டு, ஒரு தரம் ஏத்தினத்துக்கு நன்றியாம்! போய் அத வித்து இயந்திரத்த வாங்கித் தாங்க. பிறகு வாங்க, பாப்பம்.”

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த மறுப்பைத்தான். அழைப்புகள் வருகின்றன, காவலரண் திறப்பு, அணிவகுப்பு என்று. போனால் கை தட்டுவதில்லை, நன்றி சொல்வதுமில்லை. படுவான்கரைப் பெண்கள் இன்றும் துடுப்புத் தோணியில்தான் போகிறார்கள்.