ஹனோயில் நான் பார்த்த வழிகாட்டி உத்தியோகம்

குடும்பத் தலைவி வேலைக்கு விடுமுறை கிடையாது; வெளிநாட்டுக்குப் போனால் அதே வேலையை நடந்துகொண்டே செய்ய வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டு ஆட்களை ஊர்சுற்றக் கூட்டிப்போய் நொந்துபோன சகோதரிகளே, இது உங்களுக்குத்தான்.

சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற என் வீட்டுக்காரருக்கு ஹனோய் பார்க்க ஆசை. சிம்பாங் அம்பாட்டில் தனியாக இருக்கும் அவருடைய அக்கா பிலோமினாவையும் அழைத்தோம். அக்காவுக்கு முட்டி வலி. அதைவிடப் பெரிய தடை, நாங்கள் ஊர் திரும்பும் ஞாயிற்றுக்கிழமைதான் அவருடைய கணவர் லூர்துசாமி இறந்த நாள். அன்றைக்கு மாதா கோயிலில் பூசை காணாமல் இருக்க முடியாது என்றார். "நான் கூட்டிட்டுப் போறேன்க்கா, அது என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தேன். கான்வென்டில் கன்னியாஸ்திரீகளிடம் இங்கிலீஷ் படித்தவள், எந்த ஊரிலும் சமாளிப்பேன் என்ற திமிர். விமானம் இறங்கியதும் அந்த இங்கிலீஷ் செல்லாக்காசாகிப் போனது.

சம்பால் போத்தல்

முதல் நாள் மத்தியானம் தெருவோரக் கடையில் ஆளுக்கொரு கிண்ணம் நூடுல்ஸ் சூப். நம் வீட்டுக் குளியலறை முக்காலி உயரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள்; அக்காவை உட்கார வைப்பதே ஒரு கட்டுமான வேலை. சூப்பில் உறைப்பு போதாது என்பதை இங்கிலீஷில் சொன்னேன், மெதுவாகச் சொன்னேன், பிறகு சத்தமாகச் சொன்னேன். கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே எலுமிச்சைத் துண்டு வைத்தாள்.

வீட்டுக்காரர் பைக்குள் கைவிட்டு, நான் செங்கில் எங்கள் வீட்டில் கிண்டி எடுத்து வந்த நெத்திலிச் சம்பால் போத்தலை வெளியே எடுத்தார். "இந்த மாதிரி உறைப்பு" என்று நான் அதை அந்த அம்மாவிடம் நீட்டினேன். அவள் குச்சியால் தொட்டு நாக்கில் வைத்தாள். காது சிவந்தது. வாயை விசிறிக்கொண்டாள். மறுபடி தொட்டாள். அப்புறம் பக்கத்துக் கடைக்காரிகளைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் போத்தலின் அடி தெரிந்தது. எங்கள் மேசையில் கேட்காமலே ஒரு தட்டு நிறைய இறைச்சி வந்து உட்கார்ந்தது. அக்கா திருப்தியாகச் சாப்பிட்டார். வீட்டுக்காரர் மட்டும் காலிப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் வரணும்னு கொண்டாந்ததுலா இது. உலக சமாதானத்தை என் சம்பாலை வச்சா பண்ணுவே?"

ராஜா கதை

மறுநாள் ஒரு பழைய அரண்மனைக்குப் போனோம். வழிகாட்டிப் பையன் இங்கிலீஷில்தான் பேசினான் என்று நம்புகிறேன். வார்த்தைகளின் வாலையெல்லாம் அவன் விழுங்கிவிட்டான். எனக்கு "ராஜா", "தம்பி", "சுவர்" மூன்றும்தான் கிடைத்தன. பக்கத்தில் இரண்டு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கான்வென்டில் படித்தவளுக்குப் புரியவில்லை என்றால் மானம் என்னாவது?

ஆகவே மொழிபெயர்த்தேன். ராஜாவுக்கு ஒரு தம்பி, தம்பி பெண்டாட்டி பொல்லாதவள், நிலத்தைப் பிரித்துக் கொடு என்று தினம் சண்டை, கடைசியில் நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள் என்றேன். அக்கா "அடப்பாவமே" என்று உச்சுக்கொட்டினார். வீட்டுக்காரர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரீத்தா, இந்த ராஜா எங்க பெரியப்பா மாதிரியே இருக்காரு. அந்தத் தம்பி பெண்டாட்டி யாருன்னு எனக்குத் தெரியும், ஆனா அவ நம்ம ஊருப் பக்கம் மஸ்ஜித் தானாவிலலா இருக்கா."

கூட்டல் குறி

ஞாயிறு வந்தது. காலைப் பூசை, பிற்பகல் விமானம். அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு: நற்செய்தி வாசிப்பதற்கு முன்னால் உள்ளே போனால்தான் பூசை கணக்கில் சேரும், பிந்தினால் வெளியே நின்று காற்று வாங்கியதற்குச் சமம். போன் இருக்கிறதே என்பீர்கள். விடிய விடிய பந்தாட்டம் பார்த்து வீட்டுக்காரர் அதன் உயிரை வாங்கியிருந்தார். "ஹோட்டல் கவுண்டர்ல கோயில் அட்ரஸ் எழுதி வாங்கிட்டுப் போவோம்" என்றார். அங்கே ஒரு கூட்டம் வரிசையில் நின்றது. எனக்கு வரிசை ஆகாது. வெளியே ஓடி டாக்சியை நிறுத்தி, ஒரு தாளில் சிலுவை வரைந்து ஓட்டுநரிடம் காட்டினேன்.

அவர் தாளைப் பார்த்தார். நொண்டிக்கொண்டு வந்த அக்காவைப் பார்த்தார். மனம் இரங்கிப்போய்ப் பறந்தார் பாருங்கள், சிவப்பு விளக்கைக்கூட மதிக்கவில்லை. என்ன பக்தி என்று வியந்துகொண்டே வந்தேன். வண்டி நின்ற இடம் ஆஸ்பத்திரி. நாங்கள் இறங்குவதற்குள் ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியோடு வந்துவிட்டாள். அவசரத்தில் சிலுவையின் நான்கு கையையும் ஒரே அளவில் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் தாளை வாங்கிப் பார்த்து, "இது கூட்டல் குறி" என்றார். நான் நர்ஸிடம் இங்கிலீஷில் கத்த, அவள் அக்காவின் முட்டியை அழுத்திப் பார்க்க, அக்கா அலறிக்கொண்டே கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்துத் தூக்கிக் காட்டினார். நர்ஸ் சிரித்துவிட்டாள். ஓட்டுநரிடம் இரண்டு வார்த்தை சொன்னாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அக்காவோ பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"நல்ல நாற்காலிம்மா. கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டே வந்திருக்கலாம்."

ஒற்றைச் செருப்பு

கோயில் வாசலில் இறங்கினோம். வீட்டுக்காரர் டாக்சிக்குக் காசு கொடுக்க நின்றுவிட்டார். உள்ளே பாட்டுச் சத்தம். ஓடி வந்திருந்தால் சரியாக இருந்திருக்கும். ஆனால் அக்கா பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்தில். அங்கே கோயிலுக்குள் செருப்போடு போகமாட்டார்கள். படியில் சாய்ந்து நின்று, முட்டிக்காக டாக்டர் சொல்லி வாங்கிய வார்ப்பட்டைச் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு பட்டை. இரண்டாவது பட்டை. "அக்கா, இங்க எல்லாரும் சப்பாத்தோடதான் போறாங்க!" என்றேன். "அவங்க போகட்டும்" என்றார். ஒரு கால் விடுதலையானது. அந்த நேரம் உள்ளே "அல்லேலூயா" என்று எழுந்தது. அந்த ஒரு சொல்லுக்கு எந்த ஊரிலும் மொழிபெயர்ப்பு வேண்டாம், அடுத்தது நற்செய்தி. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரு காலில் செருப்பு, கையில் இன்னொன்று, அப்படியே என் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா உள்ளே நுழைந்தார்.

கடைசிப் பெஞ்சில் இருந்த ஒரு பெண்மணி நகர்ந்து இடம் விட்டாள். அக்கா கையிலிருந்த செருப்பை வாங்கிப் பெஞ்சுக்கு அடியில் வைத்தாள், ஒவ்வொரு ஞாயிறும் யாராவது இப்படித்தான் வருவார்கள் என்பதைப்போல. குருவானவர் நற்செய்திப் புத்தகத்தைத் திறந்தார். அக்கா பெருமூச்சு விட்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு வரியும் புரியவில்லை, ஆனால் எப்போது எழ வேண்டும், எப்போது மண்டியிட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் அந்தப் பெண்மணி கைகூப்பித் தலைகுனிந்தாள், அக்காவும் கைகூப்பினார். முன்னால் போய் நன்மை அப்பம் வாங்கி வந்து உட்கார்ந்தபோது அக்காவின் உதடு அசைந்தது. "லூர்துசாமி" மட்டும் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ முணுமுணுத்தார். நான் பெஞ்சுக்கு அடியிலிருந்து அந்தச் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து படியில் குனிந்து அந்தப் பட்டையை நான் மாட்டிவிட்டபோது அக்கா என் தலையைத் தொட்டார்.

"இந்த வருஷமும் பூசை கண்டுட்டேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன் ரீத்தா. நீ லேட் பண்ணுனதையும் சொல்லிட்டேன்."

வழிகாட்டி உத்தியோகத்தில் நான் கண்ட பலன் இதுதான்: வாக்கைக் காப்பாற்றினேன், புகார் மோட்சம் வரை போய்விட்டது.